இந்தியா மார்க் 2: ஒரு அடிபம்பை லட்சக்கணக்கில் செய்ய எழுதிய விவரக்குறிப்பு

1966–67 பீகார் வறட்சிக்குப் பிறகு யுனிசெஃப் உதவியோடு கடினப்பாறையைத் துளைக்கும் ரிக் வண்டிகள் இந்தியாவுக்கு வரத் தொடங்கின. கையால் வெட்டினால் வாரக்கணக்கில் இழுக்கும் கிணறு, ரிக் வந்தபின் ஓரிரு நாளில் ஆழ்துளையாக முடிந்தது. தண்ணீரும் கிடைத்தது. ஆனால் அந்தத் துளையின் மேல் பொருத்த அன்றைக்கு இருந்தது வார்ப்பிரும்பு அடிபம்புதான். சில ஆண்டுகள் கழித்து, 1974 வாக்கில், யுனிசெஃப் தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் கணக்கெடுத்துப் பார்த்தபோது நான்கில் மூன்று பம்புகள் ஓடவில்லை என்று தெரிந்தது. பல லட்சம் செலவழித்துத் தோண்டிய துளைகள் மேலே ஒரு பழுதான இரும்போடு நின்றன.

இதற்குப் பதிலாக வந்ததுதான் இந்தியா மார்க் 2. கிராமத்துத் தெருமுனையில் கனத்த சதுரக் கம்பிக் கைப்பிடியோடு நிற்கும் அதே பம்பு. இதன் வடிவமைப்பைப் பாராட்டிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்த வடிவமைப்பை ஒருவரையொருவர் பார்த்தே இராத பல பட்டறைகள் ஒரே மாதிரி செய்யும்படி காகிதத்தில் ஏற்றிய வேலை. ஒரு பொருளைப் பெருவாரியாக உற்பத்தி செய்ய விவரக்குறிப்பு எழுதுபவர்கள் இந்தியாவிலேயே படிக்கத்தக்க உதாரணம் தேடினால், இதைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கச் சொல்வேன்.

பழைய பம்பில் இருந்த குறை

பழைய வார்ப்பிரும்பு பம்புகள் ஐரோப்பிய, அமெரிக்கப் பண்ணை வீடுகளுக்காகச் செய்யப்பட்டவற்றின் நகல்கள். ஒரு குடும்பம் நாளைக்குச் சில முறை அடிக்கும் பம்பு அது. இங்கே அதை ஒரு ஊரே விடியற்காலையிலிருந்து இருட்டும் வரை அடித்தது. தண்ணீர் மட்டமும் ஆழம். கைப்பிடியின் கீல் வெறும் ஊசிக்கம்பி, துளை தேய்ந்து ஆடத் தொடங்கும்; ஆட்டம் வந்ததும் வார்ப்பில் விரிசல் விடும்.

இது தெரிந்த காரணம். இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தப் பம்புக்கு ஒழுங்கான வரைபடமே பெரும்பாலும் கிடையாது. ஒரு ஃபவுண்டரி (வார்ப்பாலை) கடையில் ஒரு பம்பை வாங்கி, அதை வைத்து அச்சு எடுக்கும். அடுத்த ஃபவுண்டரி அதன் நகலிலிருந்து அச்சு எடுக்கும். வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால், அதற்கு ஈடுகொடுக்காமல் எடுத்த ஒவ்வொரு நகலும் கொஞ்சம் சிறிதாகும். டெண்டரில் விலை குறைத்தாக வேண்டும் என்றால் சுவரின் கனமும் குறையும். எது சரியான கனம் என்று எங்கும் எழுதி வைக்காததால், மெலிந்த பம்பைப் பார்த்து "இது தவறு" என்று சொல்ல வாங்குபவரிடம் ஆதாரம் இல்லை. ஒரு ஊரின் பம்புக்கு வாங்கிய உதிரிப்பாகம் பக்கத்து ஊர் பம்பில் பொருந்தாது.

ஷோலாப்பூரிலிருந்து எடுத்தது

விடை வெளிநாட்டு ஆய்வகத்திலிருந்து வரவில்லை. மகாராஷ்டிரத்தில் ஜால்னா, ஷோலாப்பூர் பகுதிகளில் கிறித்தவத் தொண்டு அமைப்புகளோடு வேலை செய்த மெக்கானிக்குகள் ஏற்கனவே எஃகில் பம்பு செய்து பார்த்திருந்தார்கள். ஷோலாப்பூர் பம்பில் இரண்டு நல்ல யோசனைகள் இருந்தன. ஒன்று, கைப்பிடி சுழலும் இடத்தில் மூடிய பேரிங். இரண்டு, கைப்பிடியின் முனையில் வட்டத்தின் ஒரு துண்டு போன்ற வளைவு, அதன்மேல் படிந்து தொங்கும் செயின். கைப்பிடி எப்படி வளைந்து ஏறி இறங்கினாலும் செயின் நேர்க்கோட்டிலேயே தொங்கும். கீழே போகும் கம்பிக்குப் பக்கவாட்டுத் தள்ளல் இல்லை.

இந்திய அரசு, யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் மூன்றும் சேர்ந்து இந்தப் பம்பை எடுத்து வளர்த்தன. சென்னையில் அரசு வசம் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆலை மாதிரிகளைச் செய்தது. கோயம்புத்தூர் பக்கம், தண்ணீர் ஆழத்தில் கிடக்கிற, பம்புக்கு ஓய்வே கிடைக்காத ஊர்களில் அவற்றை நட்டுப் பார்த்தார்கள். சோதனைக்கு இலகுவான இடத்தைத் தேடாமல் மோசமான இடத்தைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. பெருவாரி உற்பத்திக்குப் போகும் முன் மாதிரி உடைந்தால் செலவு சில பம்புகளோடு போகும். உற்பத்தி 1970களின் பிற்பாதியில் தொடங்கியது. 1979-ல் இந்தியத் தர நிர்ணய நிறுவனம் ஐ.எஸ். 9301 என்ற தரக்குறிப்பை வெளியிட்டது. பம்புக்குக் காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் இந்த எழுத்துப்படி செய்ய வேண்டும் என்பதே ஏற்பாடு.

அந்த முடிவின் கனம் சாதாரணமானதல்ல. காப்புரிமை வைத்திருக்கும் ஒரே ஆலை என்றால், வரைபடத்தில் விட்டுப்போனதை அந்த ஆலையின் ஃபோர்மேன் தன் அனுபவத்தால் நிரப்பிவிடுவார். யாரும் செய்யலாம் என்று திறந்துவிட்டால், விட்டுப்போனதை நிரப்ப யாரும் இல்லை. ஃபோர்மேனின் கைக்குத் தெரிந்ததெல்லாம் காகிதத்துக்கு வந்தாக வேண்டும்.

காகிதத்துக்கு வந்தது என்ன

முதலில் அளவுகள். கிணற்றுக்குள் தண்ணீரில் மூழ்கியிருக்கும் சிலிண்டரின் உள்விட்டம் 63.5 மி.மீ. அதற்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான வீச்சு 125 மி.மீ. பிஸ்டனைச் செயினோடு இணைக்கும் கம்பி 12 மி.மீ. தடிப்பு, 3 மீட்டர் நீளம். தண்ணீர் ஏறும் குழாய் 32 மி.மீ. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். கைப்பிடி 32 மி.மீ. சதுரத் திடக்கம்பி. நெம்புகோல் விகிதம் எட்டுக்கு ஒன்று. பேரிங் 6204, இரண்டு.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒன்று கண்ணில் படும்: புதிதாகக் கண்டுபிடித்த அளவு ஏறக்குறைய எதுவும் இல்லை. 63.5 என்பது இரண்டரை அங்குலம். 32 மி.மீ. குழாய் ஒண்ணே கால் அங்குலக் குழாய், எந்த ஹார்டுவேர் கடையிலும் இருப்பது. 6204 பேரிங் மோட்டார்களில் பரவலாகப் புழங்குவது, சின்ன டவுனிலும் கிடைக்கும். விவரக்குறிப்பு எழுதுபவருக்குத் தனக்குப் பிடித்த அளவைப் போடும் ஆசை வரும். ஆனால் சந்தையில் இல்லாத ஒரு அளவைப் போட்டால், உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் அதற்குத் தனக்குத் தோன்றிய மாற்றைத் தேடுவார். அதன்பின் எல்லாப் பம்பும் ஒன்று என்ற பேச்சே இல்லை.

அளவுகளுக்குப் பின்னால் கணக்கு உண்டு. 45 மீட்டர் ஆழத்தில் அந்தப் பிஸ்டனின் மேல் நிற்கும் தண்ணீரின் சுமை ஏறத்தாழ 140 கிலோ. 12 மி.மீ. எஃகுக் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 45 மீட்டருக்கு 40 கிலோ. மொத்தம் 180 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 22 கிலோ அளவுக்குக் கையால் அழுத்த வேண்டும். கைப்பிடியைத் திடக்கம்பியாகச் செய்ததற்குக் காரணம் இதுதான். மீட்டருக்கு 8 கிலோ எடையுள்ள அந்தக் கம்பியே கீழே இழுத்துக் கொடுக்கிறது, தண்ணீர் எடுக்கும் பெண்ணின் தோளுக்கு வரும் பாரம் குறைகிறது. அந்த இடத்தில் ஒரு பட்டறை இரும்பு மிச்சம் பிடிக்க உள்ளீடற்ற குழாயைப் போட்டால் பம்பு ஓடும், பார்க்கவும் அழகாக இருக்கும், ஆனால் அடிக்க முடியாது. அதனால்தான் "கைப்பிடி வலுவாக இருக்க வேண்டும்" என்று எழுதாமல் "32 மி.மீ. சதுரத் திடக்கம்பி" என்று எழுதினார்கள். முதல் வாக்கியத்தைக் குழாயை வைத்தும் நிறைவேற்றிவிடலாம்.

இதே கணக்கில் ஒரு எல்லையும் ஒளிந்திருக்கிறது. பிஸ்டன் கீழே இறங்குவது கம்பியின் சொந்த எடையில்தான், செயினால் தள்ள முடியாது. தண்ணீர் மேலாகவே இருக்கிற கிணற்றில் கம்பி நீளம் போதாமல் பிஸ்டன் தயங்கும், செயின் தளர்ந்து வெட்டி வெட்டி இழுக்கும். ஆழக் கிணற்றுக்கென்று எழுதிய பம்பை ஆழமில்லாத இடத்தில் வைத்துவிட்டு உற்பத்தியாளரைக் குறை சொல்வதில் பயனில்லை. எந்த ஆழத்திலிருந்து எந்த ஆழம்வரை என்பதும் விவரக்குறிப்பில் வர வேண்டிய விஷயம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த வரிக்கு வருகிறேன். பம்பு முழுமையாகக் கூட்டியபின் ஒரு நிமிடத்தில் தொடர்ந்து 40 முறை அடித்தால் 15 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வர வேண்டும். அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சிலிண்டரின் கொள்ளளவுப்படி ஒரு முறைக்கு 396 மி.லி., 40 முறைக்கு 15.8 லிட்டர். ஆக 15 லிட்டர் என்றால் ஒழுக்கு ஏறத்தாழ ஐந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வாஷர் சரியாக உட்காரவில்லை, வால்வு ஒழுகுகிறது, சிலிண்டரின் உள்முகம் கரடுமுரடு, வீச்சு குறைகிறது என்று எந்தக் குறை இருந்தாலும் இந்த ஒரு சோதனையில் தெரிந்துவிடும். தேவையானது ஒரு வாளி, ஒரு கடிகாரம், ஒரு ஆள். ஊராட்சி அலுவலரும் செய்யலாம். ஆய்வகம் வேண்டாம். விவரக்குறிப்பின் ஒவ்வொரு வரியையும் இப்படிக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்: இதைச் சரிபார்ப்பது யார், எதை வைத்து, எங்கே நின்று? பதில் இல்லாத வரியை எடுத்துவிடலாம், அல்லது பதில் வரும்படி திருத்தி எழுதலாம்.

அடுத்து வெல்டிங். பம்பின் தலைப்பகுதி தகடுகளை வெட்டி, வளைத்து, பற்றவைத்துச் செய்வது. பற்றவைக்கும்போது தகடு சூட்டில் முறுகும், ஃபிளேஞ்ச், அதாவது ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் தட்டையான விளிம்பு, வளையும். பேரிங் கூடு கீழ் ஃபிளேஞ்சுக்கு ஒரு துளி சாய்ந்தாலும் செயின் தொங்கும் கோடு நடுவைவிட்டு விலகும். கம்பி, அதை நேராகப் போகவைக்கும் வழிகாட்டிப் புஷ்ஷில் உரசும். பட்டறையில் நன்றாக இருந்த பம்பு ஆறு மாதத்தில் கிராமத்தில் கத்தும். இதை ஸ்கேல் வைத்து அளந்து சொல்ல முடியாது. ஆகவே துண்டுகளை ஒரே நிலையில் பிடித்து வைத்துப் பற்றவைக்கும் ஃபிக்சர், துளைகளின் இடத்தைக் காட்டும் ஜிக், முடிந்ததைச் சோதிக்கும் கேஜ் இவையெல்லாம் வரைபடத்தோடு சேர்ந்தவை. ஃபிக்சர் இல்லாத பட்டறைக்கு இந்தப் பம்பைச் செய்ய வராது, எவ்வளவு கெட்டிக்கார வெல்டராக இருந்தாலும். பெருவாரி உற்பத்தியில் திறமையை ஆளின் கையிலிருந்து எடுத்து ஃபிக்சருக்குள் வைத்துவிடுகிறோம்.

துத்தநாகப் பூச்சும் அப்படியொரு கண்ணி. உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தால் எல்லா முகத்திலும் ஒரு படலம் ஏறும். மரையிலும் ஏறும். மரையை முக்குவதற்கு முன் வெட்டினால் நட் ஏறாது. பின் வெட்டினால் அந்த இடத்தில் பூச்சு போய் துரு பிடிக்கும். எதை எப்போது, அளவு எடுப்பது பூச்சுக்கு முன்னாலா பின்னாலா என்று எழுதவில்லை என்றால் ஒவ்வொரு பட்டறையும் தனக்கு வசதியான வரிசையில் செய்யும், எல்லோரும் "டிராயிங்படிதான் செய்தேன்" என்று சொல்வார்கள். சொல்வதிலும் பொய் இருக்காது.

சரி, தோல் வாஷர்? அங்கேதான் எழுத்து தோற்றது. சிலிண்டருக்குள் பிஸ்டனோடு உரசும் கிண்ண வாஷர் ஆரம்பத்தில் தோலில் செய்யப்பட்டது. தோலின் கனத்தை எழுதலாம், பதனிடும் முறையை எழுதலாம். ஆனால் ஒரு மாட்டின் தோலும் இன்னொன்றின் தோலும் ஒன்றல்ல, ஒரே தோலில் முதுகும் வயிறும் ஒன்றல்ல. சப்ளை வரும்போது வாஷரைக் கையில் வைத்துப் பார்த்து அது எத்தனை மாதம் வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

முப்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள்

தேவை பெருகியதும் ஒரு ஆலையால் முடியவில்லை. 1980களின் நடுவில் முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இந்தப் பம்பைச் செய்தன. தரக்குறிப்பு அச்சில் இருந்ததால் மட்டும் தரம் வந்துவிடவில்லை. யுனிசெஃப் தான் வாங்கும் பம்புகளுக்கு, அனுப்புவதற்கு முன்பே ஆலையில் ஆய்வு செய்ய வெளி நிறுவனமான கிரவுன் ஏஜென்ட்ஸை அமர்த்தியது. ஆர்டர் கிடைக்கும் முன் ஆலையில் என்னென்ன இயந்திரங்கள், ஜிக், ஃபிக்சர், கேஜ் உள்ளன என்று பார்ப்பார்கள். அப்புறம் மாதிரி பம்பு. அதுவும் தேறினால்தான் ஆர்டர். அனுப்பும் முன் மறுபடி சோதனை. பம்பின் மேலேயே தயாரித்தவர் பெயர், ஆண்டு, எண் பொறிக்கப்பட வேண்டும்.

அந்தப் பொறிப்பைச் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஐந்து வருடம் கழித்து ஒரு மாவட்டத்தில் செயின் அறுந்த பம்புகள் வரிசையாக வந்தால், அவை ஒரே ஆலையின் ஒரே ஆண்டுச் சரக்கா என்பதைச் சொல்வது அந்த எழுத்துதான். அது இல்லாவிட்டால் பழி வடிவமைப்பின்மேல் விழும்.

விலை விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஆய்வுக்குப் பணம் செலவாகும், அது பம்பின் விலையில் ஏறும். குறைந்த டெண்டரை எடுத்தே பழகிய அலுவலகங்களுக்கு அது வீண் செலவாகத் தெரியும். ஆனால் ஆழ்துளை போட ஆகும் செலவோடு ஒப்பிட்டால் பம்பின் விலையே சிறியது, ஆய்வுச் செலவு அதிலும் ஒரு சிறு பங்கு. ஆய்வை நிறுத்தி மிச்சம் பிடிக்கலாம் என்று யார் சொன்னாலும் நான் எதிர்ப்பேன்.

கோயம்புத்தூரில் மறுபடி

1980களில் உலக வங்கி, ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஆகியவற்றின் கைபம்புத் திட்டத்தில் கோயம்புத்தூர் வட்டாரம் மறுபடி சோதனைக்களமானது. பம்புகள் பல வருடம் ஓடியபின் எது தேய்கிறது, எதற்காக மெக்கானிக் வருகிறார், எவ்வளவு நேரம் ஆகிறது என்று பதிவுசெய்தார்கள். தோல் வாஷரின் சிக்கல் அங்கே தீர்ந்தது: நைட்ரைல் ரப்பரில் செய்த வாஷர் நெடுநாள் வந்தது. ரப்பரின் கெட்டித்தன்மையைக் கருவியில் அளக்கலாம், அச்சில் வார்ப்பதால் ஒன்றுபோல் ஒன்று வரும். சுருக்கமாகச் சொன்னால், எழுத முடியாத பொருளை எடுத்துவிட்டு எழுத முடிந்த பொருளைப் போட்டார்கள்.

அடுத்த கேள்வி பழுதுபார்ப்பது. மார்க் 2-ல் வாஷர் மாற்ற வேண்டுமென்றால் மொத்தக் குழாயையும் மேலே தூக்க வேண்டும். முக்காலி, கருவிகள், நான்கைந்து பேர், வண்டி. தமிழ்நாட்டில் உருவான மூன்றடுக்குப் பராமரிப்பு முறையில், அதாவது ஊரில் ஒரு காப்பாளர், வட்டாரத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் வண்டியோடு ஒரு குழு என்ற அமைப்பில், இந்த வேலை எப்போதும் மூன்றாம் அடுக்குக்குத்தான் போனது. அதனால் மார்க் 3 வந்தது: மேல்புறம் திறந்த சிலிண்டர், அகலமான குழாய். குழாயைத் தூக்காமலே கம்பியோடு பிஸ்டனை மேலே இழுத்துவிடலாம். ஆனால் 65 மி.மீ. குழாய் கனம், விலையும் அதிகம், ஆழம் கூடினால் நிறுவுவதே பாடு. இன்றும் மார்க் 2-தான் அதிகம் தென்படுகிறது என்றால் இந்தக் கொடுக்கல் வாங்கலே பெரிய காரணம். பராமரிப்பை எளிதாக்க எழுதிய மாற்றம் நிறுவுவதைக் கடினமாக்கியது.

ஐ.எஸ். 9301 அதன்பின் பலமுறை திருத்தப்பட்டது. திருத்தம் வருவதைத் தோல்வி என்று எண்ணுபவர்கள் இந்தப் பம்பின் வரலாற்றைப் பார்க்கலாம். களத்திலிருந்து தகவல் திரும்பி வந்து வரியை மாற்றிய ஒவ்வொரு தடவையும் பம்பு மேம்பட்டது.

தண்ணீரைப் பற்றி எழுதாத இடம்

1990களின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ ஐம்பது லட்சம் பம்புகள் செய்யப்பட்டுவிட்டன என்பார்கள். ஆப்பிரிக்காவுக்கும் பெருமளவில் போயின. உகாண்டா தன் தேசியத் தரக்குறிப்பில் மார்க் 2-ஐ யு2 என்றும் மார்க் 3-ஐ யு3 என்றும் ஏற்றது. ஆப்பிரிக்காவில், குறிப்பாக அதன் மேற்கில் சில பகுதிகளில், புதிய சிக்கல் எழுந்தது. நிலத்தடி நீரில் அமிலத்தன்மை. அமிலம் கூடக் கூடக் குறையும் எண்ணான பி.எச். 6.5-க்குக் கீழே இறங்கினால் துத்தநாகப் பூச்சு கரைந்து இரும்பு அரிக்கத் தொடங்கும். தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும், சோறு கறுக்கும், துணி கறைபடும். மக்கள் பம்பை விட்டுவிட்டுக் குட்டைக்கே போவார்கள். பம்பு முழுக்க முழுக்க விவரக்குறிப்புப்படி செய்யப்பட்டதுதான். விவரக்குறிப்பு எழுதப்பட்ட இடத்தின் தண்ணீர் வேறு, அவ்வளவே. பி.எச். எந்த எல்லைக்குள் இருந்தால் இந்தக் குழாய் என்ற வரி வாங்குபவர்களின் டெண்டரில் வர வெகுகாலம் ஆனது. 2016-ல் உகாண்டா அரசு புதிய பம்புகளில் துத்தநாகம் பூசிய குழாய்களைப் பயன்படுத்துவதை நிறுத்தியது.

மாற்றாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் வந்தது, அதனோடு பழைய கேள்வியும் வந்தது: யார் சரிபார்ப்பது? டெண்டரில் "ஸ்டெயின்லெஸ்" என்று மட்டும் எழுதினால் எந்த ரகமும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். 304 என்று ரகத்தின் எண்ணையே எழுதினாலும், நிக்கல் குறைத்து மாங்கனீசு கூட்டிய மலிவு ரகம் அதே பளபளப்போடு வந்து நிற்கலாம். காந்தத்தை வைத்துப் பார்ப்பது பலரும் நம்பும் வழி, ஆனால் இரண்டு ரகத்திலும் காந்தம் ஒட்டாது. எடையும் ஏறக்குறைய ஒன்றே. உலோகத்தின் கலவையைக் காட்டும் கையடக்க எக்ஸ்ரே கருவியால் ஒவ்வொரு சரக்கிலும் இத்தனை குழாயைச் சோதிப்போம், தேறாவிட்டால் முழுச் சரக்கும் திரும்பும், சோதனைச் செலவு இன்னாருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இன்றைக்கு ஒரு மாவட்டமோ தொண்டு நிறுவனமோ இந்தப் பம்புக்கு டெண்டர் எழுத உட்கார்ந்தால், அளவுகளுக்கு ஐ.எஸ். 9301-ஐக் குறிப்பிட்டால் போதும். தங்கள் நேரத்தை அந்தக் கிணறுகளின் பி.எச். அளப்பதிலும் இந்தச் சோதனைப் பத்தியை எழுதுவதிலும் செலவிடட்டும்.